ஏழாவது குழி

எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் இரண்டாயிரத்து ஐந்நூறில் நிற்க வேண்டும், இருபது நிமிஷம், அவ்வளவுதான் வேலை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் அமுக்கிக்கொண்டிருப்பதை வேலை என்று சொன்னால் தென்னைநார் மில்லில் என்னோடு கிடந்தவர்கள் சிரித்தே செத்துப்போவார்கள், ஆனால் காலை அசைக்காதே என்று யாராவது சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் கால் என்று ஒன்று இருப்பதே தெரியவரும், கட்டைவிரல் அரிக்கும், கெண்டைக்கால் இழுக்கும், முள் மூவாயிரத்துக்கு ஓடும், ஐயோ என்று விட்டால் இரண்டாயிரத்துக்கு விழும். ஒர்க் ஷாப் சுவரில் மணி ஒன்று பத்து. ஒன்றரைக்குக் காலை எடுக்கலாம். எதிரே தூக்கி நிறுத்திய பானெட் கண்ணாடி முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது, எஞ்சினைப் பார்க்க முடியாது, கேட்க மட்டும்தான் முடியும், அதையும் நான் பாதிதான் கேட்க முடியும், ஏனென்றால் எனக்கு இடது காது இல்லை. காது இருக்கிறது, தோடும் போட்டிருக்கிறேன், கேட்காது, அவ்வளவுதான். இருக்கிற வலது காதில் இப்போது சாக்கு நிறையக் கொட்டாங்குச்சியைப் போட்டு யாரோ உலுக்குகிறார்கள். பதினாறு டேப்பெட்டும் சேர்ந்து கத்துகிறது. நான் பிரித்து, நான் கழுவி, நான் மாட்டிய எஞ்சின். பதினோரு வருஷத்தில் எனக்கென்று கொடுத்த முதல் எஞ்சின், அது பொள்ளாச்சிக்கே கேட்கிற மாதிரி என் மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு மணிக்கு முதல்முறை சாவியைத் திருப்பினபோது குழந்தைவேலண்ணன் பக்கத்தில்தான் நின்றார். காதுகுத்து விருந்துக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டு, கிளம்புகிற அவசரத்திலும் என் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றார், முதலாளி என்றாலும் அந்த நல்ல மனசு உண்டு. சத்தம் வந்ததும் முகம் மாறவில்லை, கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னார். "அம்மிணி, நாலு மணிக்கு டாக்டரம்மா வண்டியெடுக்க வர்றாங்க. நானும் அதுக்குள்ளார வந்தர்றேன். சத்தம் நின்னுருச்சுனா இனிமே எஞ்சின் மேசை உன்னுது, ஒரு பேச்சில்ல. நிக்கலைனா மனசுல வெச்சுக்காத, தனபாலு ஹெட்ட மறுக்கா எறக்கட்டும், நீ சாமான் கழுவுற பக்கமே போயிரு. ஒத்தக் காத வெச்சுட்டு நீயும்தான் என்ன பண்ணுவ, சொல்லு?" சொல்லு என்று கேட்டார், நான் குனிந்து எஞ்சினைத் துடைத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம், ஒர்க் ஷாப்பில் அழுத பொம்பளைக்கு அப்புறம் ஸ்பேனரைக் கையில் தர மாட்டார்கள், டீ வாங்கத்தான் அனுப்புவார்கள். மெக்கானிக் தனபால் மட்டும் பின்னாலிருந்து, "பதினாறையும் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டிருலாமுங்ணா," என்றான். அவனுக்கு எதற்கும் அதுதான் மருந்து. தலைவலி என்று சொன்னால் தலையை மாற்றிவிடுவான்.

இரண்டாயிரத்து ஐந்நூறு. நில், முள்ளே, நில். சாமான் கழுவுற பக்கம் என்றால் பின்சுவர் ஓரம் தகரக் கூரைக்கடியில் அந்த டீசல் தொட்டி, பதினோரு வருஷம் என் முழங்கை வரைக்கும் அதில்தான் இருந்தது, வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் சோற்றில் டீசல் மணக்கும். அங்கே திரும்பிப் போவதற்கு மட்டும் எனக்கு உடம்பில் தெம்பில்லை. வேலை கேவலம் என்று சொல்லவில்லை, அந்தத் தொட்டிதான் எனக்கு எஞ்சினைச் சொல்லிக் கொடுத்தது, ஒவ்வொரு சாமானும் என் கைவழியாகத்தான் போயிருக்கிறது, கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எந்த வண்டியின் எது என்று விரல் சொல்லும். ஆனால் கழுவி, துடைத்து, துணியில் அடுக்கி, அவர்கள் எடுத்துக்கொண்டு போய் மாட்டி, சாவியைத் திருப்பி, அது உயிர் பிடித்து ஓடும்போது எல்லோரும் கை தட்டுவார்களே, அப்போது நான் தொட்டிக்குள் அடுத்த வண்டியின் அழுக்கைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். கல்யாண வீட்டில் பாத்திரம் விளக்குகிறவளுக்கு மேளம் கேட்குமே, அப்படிக் கேட்பதுதான்.

ஒன்று அடங்கிவிட்டது. இல்லை, இரண்டு. கொட்டாங்குச்சிச் சாக்கில் ஒரு கை குறைந்திருக்கிறது. அடங்கும், அடங்கத்தான் வேண்டும், அதற்குத்தானே இந்த இருபது நிமிஷ உட்கார்வு. டேப்பெட் என்றால் ஒன்றும் பெரிய மாயம் இல்லை, குங்குமச் சிமிழ் அளவுக்கு ஒரு இரும்புக் கிண்ணம், வால்வு தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும், மேலே கேம் என்கிற மேடு வைத்த தண்டு சுற்றி வந்து அதை அமுக்கும். இந்த வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் சாதி, உள்ளே ஆயில் நிறைந்து அதுவே உப்பி நின்று இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அதனால் சத்தமே வராது. இதெல்லாம் உட்கார்ந்திருக்கிற எஞ்சின் தலையை, ஹெட்டை, கழற்றிப் பல நாள் வைத்திருந்தால் ஆயில் வடிந்து உள்ளே காற்று உட்கார்ந்துகொள்ளும், காற்று எதைத் தாங்கும், கேம் வந்து தட்டும்போதெல்லாம் டிக், டிக். ஓட ஓட, பக்கவாட்டில் இருக்கிற ஊசித் துளை வழியாக ஆயில் ஏறிக் காற்றை வெளியே தள்ளும். பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடவைக்கிற மாதிரி, பொறுமைதான் வேண்டும். மூன்று. நான்கு. தட்டிக்கொண்டே இரு, நாகமணி.

பொன்னுக்கு வீங்கி வந்தபோது எனக்கு ஏழு வயசு. இரண்டு கன்னமும் பூசணிக்காயாகத் தொங்க, அடுத்த வீட்டுக்காரி கழுத்திலிருந்த தங்கச் சங்கிலியை அம்மா கேட்டு வாங்கி என் கழுத்தில் போட்டாள், பொன் போட்டால் வீக்கம் வடியும். வடிந்தது, ஒன்பதாம் நாள் சங்கிலியைக் கழற்றினபோது கன்னம் பழையபடி ஆகிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம், அதோடு காதும் போய்விட்டது என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திமிர் பிடித்தவள் என்று முட்டிபோட வைத்தாள், அப்படித்தான் கண்டுபிடித்தோம். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் கல்யாணமான மறுநாளிலிருந்து என் வலப்பக்கம்தான் நடப்பார், ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, ரோட்டில் லாரி வந்தாலும் அந்தப் பக்கம்தான். அவர் இருக்கும்போது எனக்கு முழுசாக இரண்டு காது இருப்பதாகவே தோன்றும். ஐந்து, ஆறு. ஆனால் குழந்தைவேலண்ணன் பண்ணியது வேறு. சித்திரையில் நான் போய் நின்று, எனக்கும் ஒரு எஞ்சின் குடுங்ணா என்று கேட்டபோது, திரும்பி நிக்கச் சொல்லிப் பின்னால் கை தட்டினார். எந்தப் பக்கம் அம்மிணி? வலது என்றேன். மறுபடி தட்டினார். வலது. மறுபடி. வலது. எல்லாம் வலதுதான், எனக்கு இந்த உலகமே வலப்பக்கம்தான் இருக்கிறது. அவர் இரண்டு முறை இடப்பக்கம் தட்டியிருக்கிறார், தனபால் குலுங்கிச் சிரித்தான், டீக்கடைக்காரர் டம்ளரோடு நின்று பார்த்தார். சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரியாதவ எஞ்சின்ல என்னத்தைப் புடிப்ப, என்றார் அண்ணன். அப்புறமும் ஐந்து மாசம் கேட்டுக்கேட்டு நச்சரித்துத்தான் இந்த வண்டியை வாங்கினேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது, ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை. அதை மட்டும் நான் பெருமையாகவே சொல்லுவேன்.

ஒன்று இருபது. ஸ்டியரிங்கில் கை வழுக்குகிறது, சீட்டில் மாட்டுச் சாண வாசமும் மருந்து வாசமும். டாக்டரம்மா சுகுணவதி மாட்டு டாக்டர், தோட்டம் தோட்டமாக இந்த வண்டியில்தான் போவார், பின்சீட்டில் கயிறும் தோள்வரை போடுகிற கையுறையும் எப்போதும் கிடக்கும். வண்டி விட வந்தபோது ஒன்றே ஒன்று சொன்னார். "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, மாத்துங்க, ஆனா வண்டி முன்ன மாதிரியே சத்தமில்லாம ஓடணும்ங்க. கன்னு போடப்போற மாடு சத்தம் கேட்டா மெரண்டு எந்திரிச்சுக்கும், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." முன்ன மாதிரியே. அந்தச் சொல்லில் என்னவோ இருக்கிறது, அது முள் மாதிரிக் குத்திக்கொண்டு நிற்கிறது, இரண்டாயிரத்து ஐந்நூறு, இந்த முள் இல்லை, அந்த முள், முன்ன மாதிரியே என்றால் முன்னால் சத்தமில்லை. எட்டு, ஒன்பது அடங்கியாயிற்று, இப்போது சாக்கே இல்லை, ஏதோ நாலைந்து ஓடுதான் உருள்கிறது, பத்து, சிரிப்பு வருகிறது எனக்கு, தனபால் அந்தப் பக்கம் பிரேக் வேலையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிறான், பார்டா தம்பி, நல்லாப் பார். பன்னிரண்டு. பதின்மூன்று. ஒன்று இருபத்தைந்து. பதினான்கு. பதினைந்து. வா, வா, வா, இன்னும் ஒன்றுதானே.

ஒன்றுதான். டிக். ஒன்று இருபத்தேழு. டிக், டிக், டிக். ஒன்றரை. காலை எடுக்கவில்லை, இன்னும் ஐந்து நிமிஷம் கொடுத்தேன், பிடிவாதக்காரக் குழந்தை, ஏப்பம் வராமல் முறுக்கிக்கொண்டு அழுகிறது. ஒன்று முப்பத்தைந்து. டிக். பதினாறும் கத்தும்போது பயமில்லை, கூட்டத்தோடு கூட்டம், இந்த ஒற்றை டிக் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. காலை எடுத்தேன், எஞ்சின் ஐட்லிங்கில் இறங்கியது, அந்த அமைதியில் இன்னும் நன்றாகக் கேட்டது. தனபால் வந்து வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டான். கேலியாகக்கூட இல்லை. "விடுங்க்கா. ஒண்ணு போனா மத்ததும் போகும். அண்ணன் வந்ததும் எல்லாத்தையும் மாத்திருலாம். எங்கிருந்து வருதுன்னாவது தெரியுதுங்ளா?" வலப்பக்கமிருந்து வருகிறது, தம்பி. எனக்கு எல்லாம் வலப்பக்கமிருந்துதான் வரும்.

யோசி. அழுவதை அப்புறம் வைத்துக்கொள். ஆயில் கெட்டியாக இருந்தால் பதினாறும் கத்தும், ஒன்று கத்தாது. ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் தகட்டைத் தலைகீழாகப் போட்டு மேலே போகிற ஆயில் வழியை நானே மூடியிருந்தால் பதினாறும் கத்தும், இரவெல்லாம் அந்தப் பயத்தில்தான் புரண்டுகொண்டிருந்தேன், அது இல்லை, பதினைந்து குழந்தைகள் பால் குடித்துவிட்டன. காற்று என்றால் இருபத்தைந்து நிமிஷத்தில் போயிருக்கும். தேய்ந்துபோன டேப்பெட் என்றால் முன்பே கத்தியிருக்கும். முன்ன மாதிரியே. ஆ, அதுதான் குத்திக்கொண்டிருந்தது. வண்டி வரும்போது பதினாறும் நல்லது. அப்படியென்றால் கழற்றினதற்கும் மாட்டினதற்கும் நடுவில் இந்த ஒன்றுக்கு மட்டும் ஏதோ ஆகியிருக்கிறது, நடுவில் அது யார் கையில் இருந்தது, என் கையில், வேறு யாரும் தொடவில்லை, தொட விடவில்லை. வீட்டிலிருந்து இரண்டு பணியாரச் சட்டி கொண்டுவந்திருந்தேன், நடுவில் ஒரு குழி, சுற்றிலும் எட்டுக் குழி, ஒரு சட்டியில் காற்று உள்ளே வருகிற வால்வின் எட்டு, இன்னொன்றில் புகை போகிற வால்வின் எட்டு, எதை எங்கே கழற்றினேனோ அதே வரிசையில் கைப்பிடியிலிருந்து தொடங்கிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக் குழி நிறைய ஆயில் ஊற்றி ஊறப்போட்டேன். வரிசையும் மாறாது, காய்ந்தும் போகாது. குழந்தைவேலண்ணனே குனிந்து பார்த்து, "அட, பணியாரம் சுட்டுட்டியே அம்மிணி," என்றார், அவர் அப்படிச் சொன்னதே எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். ஹெட் கோயமுத்தூர் லேத்திலிருந்து வரத் தாமதம், அதற்குள் ஆயுதபூஜை வந்துவிட்டது.

ஆயுதபூஜை. கொஞ்சம் இரு. அண்ணனுக்குப் பூஜையென்றால் ஒரு போல்ட்கூடப் பொட்டில்லாமல் இருக்கக்கூடாது. ஜாக்கிக்குப் பொட்டு, காற்றடிக்கிற மெஷினுக்குப் பொட்டு, பிரித்துப்போட்ட எஞ்சினின் ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு, "அதுகளுந்தான நமக்குச் சோறு போடுது, உட்றாத அம்மிணி, எல்லாத்துக்கும் வெய்யி" என்று ஊதுபத்தியோடு பின்னாலேயே வந்தார். ஆயிலில் பொட்டு நிற்காது, அதனால் ஒவ்வொன்றாக எடுத்து, குழியின் ஆயிலை ஒற்றி, துணியால் துடைத்துத் திரும்ப அதனதன் குழியில் வைத்தேன். சாயங்காலம், கரண்ட் போய்விட்டது, இரண்டு அகல் வெளிச்சம். சந்தனக் கிண்ணம் இடக்கையில், வலக்கை மோதிர விரல். கடையில் வாங்கின சந்தனப் பொடி, தண்ணீரில் குழைத்தால் மாவு மாதிரி ஒட்டும், காய்ந்தால் சுண்ணாம்பாக இறுகும். ஒன்று, தட்டையான தலை, பொட்டு. இரண்டு, தட்டை. மூன்று, தட்டை. விரலை நான் இப்போது ஸ்டியரிங் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், என்னை அறியாமல். நாலு, ஐந்து, ஆறு, தட்டை, தட்டை, தட்டை. விரல் எங்கோ வழுக்கியதே? வழுக்கியது. ஒரு இடத்தில் தட்டையாக இல்லை, உருண்டையாக இருந்தது, விரல் சறுக்கி ஓரத்துக்குப் போக, நான் இன்னும் கொஞ்சம் சந்தனத்தை எடுத்து அழுத்தி அப்பினேன், நன்றாக அழுத்தி, பக்தியோடு. உருண்டையாக எப்படி இருக்கும், டேப்பெட்டின் தலை தட்டை, உடம்புதான் உருண்டை, படுத்திருந்தால்தான் உடம்பு மேலே வரும். எது படுத்திருந்தது? காற்று வால்வின் எட்டும் கிடந்த சட்டியில் எப்போதும் ஒரு பணியாரம் ஒரு பக்கம் கருகும். பதினெட்டு வருஷமாக அதைத்தான் நான் எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறேன், மற்றவர்களுக்கு நல்லதாகப் போட்டுவிட்டு. அந்தக் குழி கோணல், எதைப் போட்டாலும் சாயும். கைப்பிடியிலிருந்து எண்ணினால் ஏழாவது குழி.

அடி நாகமணி. படுத்திருந்த டேப்பெட்டின் பக்கவாட்டில் என்ன இருக்கிறது? அந்த ஊசித் துளை இருக்கிறது. மறுநாள் டீசலில் முக்கி எடுத்து, பொட்டு இருக்கிற இடம் என்று தலையைத் தலையைத்தான் தேய்த்தேன், பக்கத்தை ஒரு துடைப்பு துடைத்துவிட்டுப் போட்டுவிட்டேன். பதினோரு வருஷம் கழுவினவள், என் சாமானையே கழுவத் தெரியாமல் கழுவியிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா, இரண்டும் ஒன்றாக வந்தது, தனபால் பயந்துபோய், "என்னாச்சுங்க்கா?" என்றான். "அந்த நீளத் திருப்புளியை எடு," என்றேன். மரப்பிடி போட்ட திருப்புளி. அதை நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரியும், எஞ்சினுக்குப் பல்விளக்குகிற அக்கா என்று அவன்தானே பெயர் வைத்தான். மூன்று வருஷம் முன்பு இரண்டு கையும் நிறைய இருந்ததால் திருப்புளியைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தேன், முனை ஓடுகிற எஞ்சினில் பட்டது, அப்படியே மண்டைக்குள் அந்த எஞ்சின் வந்து உட்கார்ந்தது, வால்வு வால்வாக, பல் பல்லாக. காதுக்குத்தான் வலது இடது, எலும்புக்கு அது கிடையாது. டேப்பெட் கவர் மேல் முனையை வைத்துப் பிடியைக் கடித்தேன். காற்று வால்வு வரிசையில் ஒன்றாவது, சலசலவென்று ஆயில் ஓடுவது மட்டும். இரண்டு, அதேதான். மூன்று, நான்கு, எங்கோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஐந்து, பக்கத்துத் தெரு. ஆறு, பக்கத்து வீடு. ஏழில் வைத்தேன், கடைவாயில் சுத்தியலால் அடித்தது மாதிரி, டிக், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எட்டுக்கு நகர்த்தினேன், மறுபடி பக்கத்து வீடு. ஏழுதான். விரலும் ஏழு என்றது, பல்லும் ஏழு என்கிறது, காதை நான் கேட்கவே இல்லை.

எஞ்சினை நிறுத்திக் கவரைத் திறந்தபோது மணி ஒன்று ஐம்பது. கேமைத் திருப்பித் திருப்பி, மேடு மேலே வருகிறபோதெல்லாம் ஒவ்வொரு டேப்பெட்டாக மரக்கட்டையால் அமுக்கினேன். பதினைந்தும் கல் மாதிரி நின்றன. ஏழாவது இட்லி மாதிரி அமுங்கியது. தனபால் குனிந்து பார்த்தான், ஓடிப்போய் பெல்ட்டை விடுவிக்கிற ஸ்பேனரைக் கொண்டுவந்து நீட்டினான், அவன் கையால் எனக்கு ஒரு ஸ்பேனர் நீட்டியது அதுதான் முதல் தடவை. கொதிக்கிற எஞ்சின், கேமைக் கழற்றும்போது முழங்கையில் இரண்டு இடம் சுட்டுக்கொண்டேன், உறைக்கவே இல்லை. ஏழைக் காந்தத்தில் தூக்கி எடுத்து, துணியால் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தைத் திருப்பினேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் துளை இல்லை. மஞ்சளாக, கடுகில் பாதி அளவு ஒரு புள்ளி. புடவையில் குத்தியிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றி நோண்டினேன், உடையாமல் முழுசாக வந்தது, பின் முனையில், என் சந்தனம். நடு ஒர்க் ஷாப்பில் நின்றுகொண்டு நான் போட்ட சத்தத்துக்கு எதிர்ச்சாரி டீக்கடையே எட்டிப் பார்த்தது. எனக்கு அவ்வளவு சத்தம் போடத் தெரியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

கழுவினேன். இந்த முறை கழுவினது கழுவல். துளைக்குள் காற்றடித்து, ஆயிலில் அமுக்கி அமுக்கிக் குமிழி வருவது நிற்கும்வரை பிடித்து, ஏழையே ஏழில் போட்டு, கேம், பெல்ட், கவர், ஒவ்வொரு போல்ட்டையும் வரிசை தப்பாமல் இறுக்கி முடித்தபோது மூன்றரை. சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக், பயப்படவில்லை, தெரியும் எனக்கு, குழந்தை இப்போதுதான் பால் குடிக்கிறது, மறுபடி காலை வைத்து மறுபடி முள்ளை நிறுத்தினேன், கட்டைவிரல் அரிக்கவில்லை, கெண்டைக்கால் இழுக்கவில்லை, எதையும் நினைக்கவும் இல்லை, ஆறாவது நிமிஷம் அது ஏப்பம் விட்ட மாதிரி சட்டென்று நின்றது. காலை எடுத்தேன். ஒன்றுமில்லை. ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன், அதை வேறெப்படியும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

குழந்தைவேலண்ணன் நாலுக்குப் பத்து நிமிஷம் முன்பே வந்தார், வெள்ளைச் சட்டையில் ரசக்கறை. ஐட்லிங்கில் ஓடுகிற வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். "என்ன அம்மிணி மாத்துன?" "ஒண்ணும் மாத்துலீங்ணா." சேஃப்டி பின்னை நீட்டினேன். பயமாகத்தான் இருந்தது, சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது, தனபால்கூடச் சொல்லியிருக்க மாட்டான், ஆனால் என் தப்பை நான் மறைத்தால் என் ஜெயிப்பும் பாதிதான். "பூசையன்னிக்கு நான் வெச்ச பொட்டுங்ணா. ஏழாவது டேப்பெட் படுத்துக் கெடந்துருக்குது, ஆயில் போற தொளைய அடைச்சுட்டேன். கழுவும்போதும் பாக்குல. தப்பு என்னுது." அவர் பின்னை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். சுவரில் மாலையோடு இருந்த சாமி படத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "எல்லாத்துக்கும் வெய்யின்னு பின்னாலயே வந்து உசுர வாங்குனது ஆரு, நான்தான?" என்றார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார். "பதினாறுல இதுதான்னு எப்புடிப் புடிச்ச? எந்தப் பக்கமிருந்து வருதுன்னு உனக்குத் தெரியாதல்ல?" நான் திருப்புளியைக் கையில் கொடுத்தேன். அவர் அதன் மரப்பிடியைப் பார்த்தார், மூன்று வருஷத்துப் பல் தடம் அதில் வரிசையாக இருந்தது. என்ன நினைத்தாரோ, தன் வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பிடியைக் கடித்து முனையைக் கவர் மேல் வைத்தார், அப்படியே கண் விரிந்து நின்றுவிட்டார், வாயில் திருப்புளியோடு ஏதோ சொன்னார், புரியவில்லை. எடுத்துவிட்டுச் சொன்னார். "மூலையில அந்த வெள்ள வண்டி நிக்குதல்ல, எஞ்சின் எறக்கோணும். நாளைக்குக் காத்தால நீயே எறக்கீரு. தனபாலு உங்கூட நிக்கட்டும்." நிற்கட்டும் என்றார். தனபால் தலையை ஆட்டினான், சிரித்தான், இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு.

டாக்டரம்மா சரியாக நாலு மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினார், எங்கோ ஒரு மாடு காத்திருக்கிறது என்று ஒரே அவசரம். "ஆச்சுங்களா? சத்தம் வராதல்ல?" என்று கேட்டுக்கொண்டே பையைப் பின்சீட்டில் எறிந்தார், பானெட்டை அண்ணன் இறக்கி மூடினார், டாக்டரம்மா சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சாவி அதில்தான் இருக்கிறது, சொல்ல வேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் கை சாவிக்குப் போய்விட்டது. ஓடுகிற எஞ்சினில் ஸ்டார்ட்டர் பல் போய் மோதி, கர்ர்ரென்று தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு அலறல். "ஐயோ, ஓடிட்டுத்தானுங்க இருக்குது!" என்று அண்ணன் அலறிக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா கையை உதறிக்கொண்டு, "ஓடுதா? எனக்குத் தெரியவே இல்லீங்களே!" என்றார். நாற்பத்துநாலு வருஷத்தில் அந்தக் கர்ர்ரைவிட நல்ல சத்தம் எதையும் என் ஒற்றைக் காது கேட்டதில்லை.